ஊசி போட்டு அரை மணி

ஞானப்பூவின் வலது கைத்தோல் எப்போதும் உரிந்தேதான் இருக்கும். குளோரோபாரம் குப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாக விடும்போது விரலிடுக்கில் கொஞ்சம் வழியும். வழிந்த இடம் எரிந்து, வெளுத்து, இரண்டு நாளில் செதில் செதிலாக உதிரும். தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இடது கை நன்றாக இருந்தது. அது நாடி பார்க்கிற கை.

அருப்புக்கோட்டையிலிருந்து பாளையம்பட்டி போகிற ரோட்டில், நூல் வியாபாரம் செய்த ஒருவர் தன் தாயார் சுந்தராம்பாள் பேரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி கட்டியிருந்தார். பதினான்கு கட்டில், ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், இரண்டு நர்ஸ், ஒரு ஆபரேஷன் அறை. டாக்டர் வேதநாயகம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஐம்பதை நெருங்கியவர், கை சுத்தம், வாய் கடுப்பு. மயக்கம் கொடுக்கத் தனியாக ஒரு டாக்டரை வைத்துக்கொள்கிற வசதியெல்லாம் அந்த ஊரில் யாருக்கும் கிடையாது. அறுப்பது அவர், மயக்குவது ஞானப்பூ.

மல்லாங்கிணற்றுக்கு மேற்கே ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் புருஷனைக் காலராவுக்குக் கொடுத்தாள். பிள்ளை இல்லை. சபை ஐயரான பாதிரியார் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க, மதுரைக்குப் போய் நர்ஸ் படிப்புப் படித்தாள். அங்கே வயதான வெள்ளைக்கார நர்ஸ் ஒருத்தி மயக்கம் கொடுக்கப் பழக்கிவிட்டாள். அந்த அம்மாள் திருப்பித் திருப்பிச் சொன்னது ஒன்றுதான். மயக்க மருந்து உள்ளே போகிற முதல் பத்து நிமிஷம்தான் ஆபத்து. அப்போது நெஞ்சுக்குப் போகிற நரம்பு ஒன்று குதிரையின் கடிவாளம் மாதிரி இழுத்துப் பிடிக்கும். நாடி குறையும், குறைந்துகொண்டே போகும், சில பேருக்கு நின்றுவிடும். அரை மணி முன்னால் அட்ரோபின் ஊசி போட்டால் அந்தப் பிடி தளரும். ஊசி போடாமல் குப்பியைத் தொடாதே.

தொட்டாள். அதுதான் அவள் கதையில் முதல் விஷயம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷம் பங்குனி மாசம். நெசவாளர் தெருவிலிருந்து சென்னய்யா என்பவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம், வெளியே தமிழ். நாற்பது வயது, நல்ல திடகாத்திரம். குடலிறக்கம் இறுகிப்போய் இரண்டு நாளாக வாந்தி. வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. நாக்கு காய்ந்த பலகையாக இருந்தது. கன்னத்தைக் கிள்ளிவிட்டால் கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது.

"உடனே திறக்கணும். குடல் அழுகிட்டா போச்சு" என்றார் டாக்டர்.

"அட்ரோபின் போட்டுரட்டுமாய்யா?"

"கரைச்சு ஊசியில ஏத்துற வில்லை பதினொண்ணுதான் இருக்கு. சண்டைக் காலத்துல அடுத்து எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? அபின் தின்னுட்டு வர்றவனுக்கு மாத்து மருந்துக்கு என்ன செய்வே? இவன் காளை மாதிரி இருக்கான். ஆரம்பி."

ஞானப்பூவுக்கு அலமாரி தெரியும். எந்தத் தட்டில் அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாய் நிற்கிறது என்று தெரியும். இன்னொரு தடவை வாயைத் திறந்திருந்தால் டாக்டர் வள்ளென்று விழுந்திருப்பார், அதற்கு மேல் ஒன்றும் ஆகியிருக்காது. அவள் திறக்கவில்லை.

கம்பிக் கூட்டின் மேல் மல் துணியைப் போட்டு மூக்கின் மேல் வைத்துச் சொட்டு விட்டாள். சென்னய்யா பயந்துபோய்த் திமிறினார். ரெண்டு பேர் தோளை அமுக்க, ஒருவன் காலை அமுக்க, அவர் கன்னடத்தில் யாரையோ கூப்பிட்டுக் கத்தினார். "இன்னும் ஊத்து, இன்னும் ஊத்து" என்றார் டாக்டர். ஊத்தினாள். திமிறின ஆள் ஆழமாக இழுத்து மூச்சு வாங்கினார். இடது கை விரலுக்குக் கீழே, தாடை எலும்போரம் ஓடுகிற நாடி, தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது மாறி, நடக்க ஆரம்பித்தது. பிறகு நின்று நின்று நடந்தது. ஒரு துடிப்பு. அடுத்தது வருமா என்று காத்திருந்தாள். வந்தது. அடுத்தது வரவில்லை.

முகம் சாம்பலாகிவிட்டது. கூட்டைத் தூக்கி எறிந்தாள். டாக்டர் நெஞ்சை அமுக்கினார், கையைத் தூக்கித் தூக்கி இறக்கினார், நாக்கைப் பிடித்து இழுத்தார். கால் மணி நேரம். கத்தி தட்டிலேயே கிடந்தது. வயிற்றில் ஒரு கீறல்கூடப் படவில்லை.

"இதயம் பலவீனம்" என்று டாக்டர் எழுதினார். எழுதின தாளை உடனே கவிழ்த்து வைத்தார். அதை ஞானப்பூ பார்த்தாள், அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

இருபது நாள் கழித்து சென்னய்யாவின் மனைவி சௌடம்மாள் வந்தாள். அன்றைக்குக் கழற்றி வைத்த அவருடைய கடுக்கனை வாங்கிப் போக வந்தவள், வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

"கத்தியே வைக்கலேன்னு தூக்கிட்டு வந்தவுக சொன்னாக. கத்தி வைக்காம எப்படிம்மா செத்தாரு?"

"இதயம் பலவீனம்னு டாக்டரய்யா எழுதியிருக்காக."

"பலவீனமா? தறிக்குப் பாவு நூல் இழுக்க நாலு ஆளு வேணும். இவரு ஒத்தையில இழுப்பாரு. அவருக்கா?"

சௌடம்மாள் கடுக்கனை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் ஞானப்பூ நேராக நெசவாளர் தெருவுக்கு நடந்தாள். தறிக்குழிக்குள் உட்கார்ந்து சௌடம்மாள் நெய்துகொண்டிருந்தாள். புருஷன் இருந்த குழி. ஞானப்பூ நின்றபடியே சொன்னாள். ஊசி ஒன்று உண்டு என்றும், அது ஆஸ்பத்திரியிலேயே இருந்தது என்றும், போடாமல் ஆரம்பித்தது தப்பு என்று தனக்குத் தெரியும் என்றும், தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டதாகவும். உடம்பில் தண்ணீரே இல்லாத ஆளை அப்படி மயக்கியிருக்கக் கூடாது என்றும் சொன்னாள்.

சௌடம்மாள் தறியை நிறுத்தவில்லை. சொல்லி முடித்த பிறகும் நாலைந்து தடவை நூலுக்குக் குறுக்கே நாடா ஓடியது. அப்புறம் கேட்டாள்.

"இதை எனக்கு எதுக்குச் சொல்ற?"

"உங்களுக்குத் தெரியணும்ல."

"தெரிஞ்சு நான் என்ன செய்ய? இத்தனை நாளு தலைவிதின்னு இருந்தேன். அதையும் புடுங்கிட்டியே. உன் பாரத்தை இறக்க என் வீடுதானா கிடைச்சுச்சு?" நிமிர்ந்து பார்த்தாள். "இனி இந்தத் தெருப்பக்கம் வராத."

ஞானப்பூ போகவில்லை, அதற்குப் பிறகு ஒருநாளும். கடைவீதிக்குப் போவதென்றால்கூட ஊரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

மறுநாள் டாக்டரின் அறைக்குப் போனாள். "இனிமே ஊசி போட்டு அரை மணி ஆகாம நான் மயக்கம் குடுக்க மாட்டேன்யா" என்றாள். அவர் கத்தினார். யார் டாக்டர், நீயா நானா என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், ஆனால் நகரவில்லை. கடைசியில் அவர் குரல் இறங்கியது. "மதுரைக்கு எழுதிப் போடுறேன்" என்றார். பதினைந்து நாளில் விருதுநகர் போய்த் திரும்பின, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் ஒரு பார்சல் வந்தது. நான்கு குழாய் அட்ரோபின். அவருக்கும் பயம் இருந்திருக்கிறது.

அதிலிருந்து அவள் வேலை மாறிவிட்டது. மயக்குவதற்கு முந்தின ஒரு மணி நேரந்தான் அவளுடைய வேலை. திருச்சுழிப் பக்கமிருந்தும் குண்டாற்றுக்கு அந்தப்புறமிருந்தும் வருகிற ஜனம் பதினைந்து மைல் வெயிலில் வண்டியில் படுத்து வரும். வழியில் ஊருணி வற்றிக் கிடக்கும். ஆபரேஷன் என்றால் வெறும் வயிறு என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அதனால் முதல் நாளிலிருந்தே பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கூட்டி வருவார்கள். அப்படி வற்றி வந்த உடம்புதான் மேசையில் சட்டென்று விழுகிறது என்று அவள் கண்டுகொண்டாள். கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது மாடு கட்டிக் கமலை இறைத்தால் என்ன வரும்? வந்தவர்களின் நாக்கைப் பார்ப்பாள், கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பாள். காய்ந்திருந்தால் காய்ச்சி வடித்த உப்புத் தண்ணீரைத் தொடைத் தோலுக்கடியில் ஏற்றுவாள், அவசரமென்றால் கணுக்கால் ரத்த நரம்பில். அப்புறம் ஊசி. அப்புறம் அரை மணி. தலையணையை உருவிவிட்டு மட்டமாகப் படுக்க வைப்பாள். திமிற விடமாட்டாள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே சொட்டு விடுவாள், ஒரு மூச்சுக்கு ஒரு சொட்டு.

ரத்த அழுத்தம் பார்க்கிற பாதரசக் கருவி ஒன்று டாக்டரிடம் இருந்தது. அதன் ரப்பர் குமிழ் வெடித்துவிட்டது. மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு ரப்பர் எங்கே கிடைக்கும்? அதனால் விரலே கருவியாயிற்று. மணிக்கட்டில் நாடி அடிக்கிறதா, சரி. மணிக்கட்டில் மறைந்து முழங்கையில் மட்டும் அடிக்கிறதா, கூட்டைத் தூக்கு, காலை உயர்த்து. அவ்வளவுதான் கணக்கு.

ஒருமுறை, முள் குத்திப் புரையோடிய காலை எடுக்கவேண்டிய, ஆட்டுக்கிடை போடுகிற ஒரு கீதாரிக்கு, ஊசி போட்டும் நாடி எண்பதிலிருந்து எழுபதாகி, அறுபதாகி, ஐம்பதுக்கும் கீழே போயிற்று. "நிறுத்துங்கய்யா" என்றாள். டாக்டர் ரம்பத்தோடு நின்றார். அவள் கூட்டை விலக்கிவிட்டு, ஆட்களைக் காலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு அரை ஊசி போட்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணினாள். ஐம்பத்து நாலு. அறுபது. எழுபத்தாறு. "இப்ப ஆகட்டும்யா." அந்தக் கீதாரிக்கு இது எதுவும் தெரியாது. போகும்போது அவன் சொன்னதெல்லாம், "நாக்கைக் காய வச்சுக் கொன்னுட்டா இந்தப் பொம்பளை" என்பதுதான். அந்த ஊசிக்கு அது ஒரு குணம், எச்சிலை வற்ற அடித்துவிடும். ஏற்கெனவே தாகத்தில் வந்தவர்களுக்கு அது சித்திரவதை. தண்ணீர் கேட்டுக் கெஞ்சுவார்கள். வயிற்றில் தண்ணீர் இருந்தால் மயக்கத்தில் வாந்தியெடுத்து மூச்சுக்குழாயில் போய்விடும், ஆகவே கொடுக்க மாட்டாள். நனைத்த துணியால் உதட்டை ஒற்றி விடுவாள். இரக்கமில்லாதவள் என்று சுற்று வட்டாரத்தில் பேர் வாங்கினாள்.

இரண்டு வருஷம் மேசையில் ஒருவரும் சாகவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. நடக்காத ஒன்றை எவர் கவனிப்பார்கள்?

நாற்பத்தைந்து சித்திரையில் பிச்சையம்மாள் வந்தாள். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமம். தலைப்பிரசவம், இரண்டு நாள் வலி, தலை சிக்கிக்கொண்டது. விடிகிறபோது வண்டி கட்டி உச்சி வெயிலில் வந்து சேர்ந்தார்கள். புருஷன் உக்கிரபாண்டி வண்டிக்கு முன்னால் ஓடியே வந்திருந்தான், கால் முழுக்கப் புழுதி.

ஞானப்பூ அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி நூல் மாதிரி இருந்தது, எண்ண முடியாத வேகம், அமுக்கினால் மறைந்தது. கண் குழி விழுந்திருந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சு வரவில்லை. கை கால் சில்லிட்டிருந்தது, அந்த வெயிலில்.

டாக்டர் வயிற்றில் குழலை வைத்துக் கேட்டார். "பிள்ளை உசிரோட இருக்கு. ஆனா துடிப்பு எறங்குது. உடனே இடுக்கி ஆயுதம் போட்டு எடுக்கணும். மயக்கு."

"இவ தாங்க மாட்டாய்யா. உடம்புல ஒண்ணுமே இல்ல. உப்புத் தண்ணி ஏத்தி, ஊசி போட்டு, ஒரு முக்கால் மணி குடுங்க."

"முக்கால் மணியில பிள்ளை போயிரும்."

"இப்ப மயக்கினா இவ போயிருவா. இவ போனா பிள்ளையும்தான் போகும்."

"போகாமலும் இருக்கலாம். ரெண்டு நிமிஷத்துல எடுத்துருவேன்."

இருக்கலாம்தான். அதுவும் அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அந்த ஒரு வார்த்தை அவளை விடவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவள் விரலுக்கடியில் இருந்தது நூல் மாதிரி ஒரு நாடி, அவள் நினைப்பில் இருந்தது வேறொரு நாடி. குப்பியை எடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டாள்.

"நான் குடுக்க மாட்டேன்யா."

டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். கம்பவுண்டர் அருஞ்சுனையைத் திரும்பிப் பார்த்தார். அருஞ்சுனை சுவரைப் பார்த்தான். டாக்டர் குனிந்து கணுக்கால் நரம்பைத் திறந்து கண்ணாடிக் குழலைச் செருகினார். உப்புத் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. ஞானப்பூ ஊசி போட்டாள். கட்டிலின் கால்மாட்டுக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினாள்.

டாக்டர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் குழலை வைத்துக் கேட்டார். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையை உரக்கச் சொன்னார். நூறு. தொண்ணூறு. எழுபது. அவளுக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னார். தாயின் நாடி நிதானத்துக்கு வந்துகொண்டிருந்தது. கை கொஞ்சம் சூடாயிற்று. இருபத்தைந்தாவது நிமிஷம் அவர் குழலை வைத்தார், இடம் மாற்றி வைத்தார், மறுபடி மாற்றி வைத்தார். பிறகு குழலைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

அரை மணி ஆனதும் ஞானப்பூ மயக்கம் கொடுத்தாள். ஏழாவது நிமிஷம் பிச்சையம்மாளின் நாடி இறங்கியது. மணிக்கட்டில் மறைந்து, முழங்கையில் மெல்லத் தட்டியது. கூட்டைத் தூக்கிப் பிடித்துக் காத்தாள். திரும்பி வந்தது. அந்தத் தண்ணீரும் ஊசியும் இல்லாவிட்டால் திரும்பியிருக்காது என்று அவளுக்கு உறுதி. ஆனால் உறுதி என்பது அவள் விரலுக்கு மட்டும்தான். தட்டில் கிடந்த ஆண் பிள்ளையை எல்லோராலும் பார்க்க முடிந்தது.

வெளியே உக்கிரபாண்டிக்கு யார் சொன்னார்களோ, அவன் தாழ்வாரத்துக்கு ஓடி வந்தான். "ஏத்தா, டாக்டரு எடுக்கிறேன்னு சொன்னாராம்ல. நீதான் விடலையாம்ல. எம்புள்ளையக் கொல்ல நீ யாரு?"

"ஒங்க வீட்டம்மா பொழைச்சிருக்காங்கய்யா."

"நான் கேட்டேனா?" என்றான். சொன்ன பிறகு அவனுக்கே திக்கென்றிருக்க வேண்டும். தலையில் அடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். பிள்ளையைத் துண்டில் சுற்றி அவனிடம் கொடுத்தது ஞானப்பூதான்.

பிச்சையம்மாள் இருபத்து மூன்று நாள் வார்டில் கிடந்தாள். காய்ச்சல் வந்து தணிந்தது. ஆனால் இரண்டு நாள் பிள்ளையின் தலை அழுத்திக் கிடந்த இடம் புண்ணாகி, சிறுநீர் நிற்காமல் கசிய ஆரம்பித்தது. அதற்கு அந்த ஊரில் வைத்தியம் இல்லை. ஞானப்பூ தினம் நாலு தடவை துணி மாற்றினாள். ஒருநாள் மத்தியானம் துணி மாற்றும்போது பிச்சையம்மாள் கேட்டாள். கோபமே இல்லை அந்தக் குரலில்.

"நர்சம்மா, நான் பாட்டுக்குப் போயிருப்பேன். என்னைய எதுக்கு இழுத்துப் புடிச்சீக?"

ஞானப்பூ வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்து அடுத்த துணியைப் போட்டாள்.

கடைசி நாள் கூட்டிப்போக உக்கிரபாண்டி வரவில்லை. பிச்சையம்மாளின் அண்ணன் வண்டியோடு வந்தான்.

அதற்குள் தர்மகர்த்தாவிடம் புகார் போயிருந்தது. நூல் வியாபாரியின் மகன் அவர். ஆபீஸ் அறையில் இருவரையும் நிறுத்தி விசாரித்தார். "நர்ஸ் மயக்கம் கொடுக்க மறுத்துட்டா. எனக்கு வேற வழியில்லை" என்றார் டாக்டர். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவரே தன் கையால் கணுக்காலைத் திறந்ததையும், தாய் பிழைத்ததையும் அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். "என்னம்மா சொல்றே?" என்று தர்மகர்த்தா கேட்டார். "மறுத்தது நெசம்தான்யா" என்றாள்.

ஆபரேஷன் அறைப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவாயிற்று. வார்டில் பாத்திரம் அலம்புவதும், புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் அவள் வேலை. மயக்கம் கொடுக்க அருஞ்சுனையைப் பழக்கினார்கள். அவன் நல்லவன்தான், கெட்டிக்காரன்தான். ஆனால் டாக்டர் "ம்" என்றால் சொட்டு விடுவான், அவ்வளவு பயம். ஊசி சில நாள் போட்டான், அவசரமென்றால் விட்டான். போட்டாலும் அரை மணி யார் காத்தார்கள்? ஞானப்பூவின் வலது கை ஆறேழு மாசத்தில் நன்றாக ஆறி, தோல் பழையபடி ஆயிற்று.

அந்தக் கார்த்திகையில், பாளையம்பட்டியில் பெட்டிக்கடை வைத்திருந்த ஒருவர் தொடைக் கட்டியை அறுக்க வந்தார். நடந்தே வந்தார். ஞானப்பூ வார்டு ஜன்னலோரம் நின்று பழந்துணி மடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் கடிகாரம் அடித்தது கேட்டது, கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டு விழுகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் யாரோ நெஞ்சை அமுக்கும்போது மேசை கிரீச் கிரீச் என்று ஆடுகிற சத்தம். அது எதன் சத்தம் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மடித்த துணியை உதறி, மறுபடி மடித்தாள். சத்தம் நிற்கிறவரை மடித்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் டாக்டர் வார்டுக்கு வந்தார். கட்டில்களைத் தாண்டி வந்து அவள் முன்னால் நின்றார். அந்த ஆறேழு மாசத்தில் அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"நாளைக்கு ஒரு கேஸ் இருக்கு. அருஞ்சுனை குப்பியைத் தொட மாட்டேன்னு அழறான்."

அவள் பக்கத்துக் கட்டிலின் போர்வையை இழுத்துச் சரி செய்தாள்.

"தர்மகர்த்தாகிட்ட நான் பேசிட்டேன். அன்னைக்குப் பேசவேண்டியதையும் இன்னைக்குப் பேசினேன்."

"என்ன பேசுனீங்க?"

"நரம்பைத் திறந்தது நான்தான், காத்திருந்ததும் நான்தான்னு."

ஞானப்பூ சொன்னாள். "அன்னைக்கு நான் செஞ்சது சரியான்னு எனக்குத் தெரியலைய்யா. நீங்க ரெண்டு நிமிஷத்துல எடுத்திருந்தா ரெண்டு உசிரும் நின்னிருக்குமோ என்னமோ."

"எனக்கும் தெரியாது" என்றார் டாக்டர். "வருவியா?"

"வாரேன். ஊசி போட்டு அரை மணி. அதுக்குள்ள சீக்கிரம்னு ஒரு வார்த்தை உங்க வாயில வரக் கூடாது."

வரவில்லை. அதை மட்டும் அவர் கடைசிவரை காப்பாற்றினார். சண்டை முடிந்திருந்ததால் மருந்து தாராளமாக வந்து, புது ரப்பர் குமிழும் வந்தது. இரண்டரை வருஷம் ஓடியது. கை மறுபடி உரிந்தது. சின்னதும் பெரியதுமாக எத்தனையோ பேர் அந்த மேசையில் படுத்து எழுந்து போனார்கள்.

நாற்பத்தெட்டு ஆனியில், மல்லாங்கிணற்றிலிருந்து விவசாயம் செய்கிற அப்பய்யா என்ற சம்சாரி தன் மகளைக் கூட்டி வந்தார். அழகுத்தாய், பதினைந்து வயது. வயிற்றில் வலது பக்கம் சீழ்க்கட்டி. ஞானப்பூ நாக்கைப் பார்த்தாள், கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள். காலையிலிருந்து உப்புத் தண்ணீர் ஏற்றினாள். நாடி தொண்ணூறு, நல்ல நிறைந்த நாடி. ரத்த அழுத்தம் சரி. ஊசி போட்டாள். கடிகாரத்தைப் பார்த்து முப்பத்தைந்து நிமிஷம் காத்தாள். அந்தப் பெண் பயப்படவில்லை, திமிறவில்லை. தங்கச்சி எருமைக்கன்றுக்கு வைத்த பேரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே மூச்சு வாங்கினாள். ஒரு மூச்சுக்கு ஒரு சொட்டு. நாடி தொண்ணூறு, எண்பத்தெட்டு, எண்பத்தாறு.

பிறகு ஒன்றுமில்லை. இறங்கவில்லை, தயங்கவில்லை. விளக்கை அணைத்த மாதிரி நின்றது.

அரை மணிக்கு மேல் முயன்றார்கள். டாக்டர் அழுதார். ஞானப்பூவின் மனசு ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய்ப் பார்த்தது. தண்ணீர், ஊசி, நேரம், தலை மட்டம், சொட்டு. எங்கேயும் ஒரு ஓட்டை இல்லை. இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்திருக்கும்.

"நான் போய்ச் சொல்றேன்" என்றார் டாக்டர்.

"இல்லைய்யா. என் கைக்குள்ள நின்னது. நான்தான் சொல்லணும்."

வேப்பமரத்தடியில் அப்பய்யா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார். ஞானப்பூ தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். செய்ய வேண்டியதெல்லாம் செய்தோம், அப்படியும் நின்றுவிட்டது, ஏன் என்று எனக்குத் தெரியவில்லை என்றாள். அவர் கத்தவில்லை. ரொம்ப நேரம் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"உள்ள கூட்டிப் போறப்ப தண்ணி தண்ணின்னு கேட்டாளே. குடுத்தீகளாம்மா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்த மனுஷன் வீடுவரை அதைக் கையில் பிடித்துக்கொண்டு போவார். அவள் வாய்வரை வந்தது.

"இல்லைய்யா. குடுக்கக் கூடாது. உதட்டைத்தான் நனைச்சு விட்டேன்."

அப்பய்யா தலையை ஆட்டினார். எழுந்து, வண்டிக்குள் கிடந்த வைக்கோலைப் பரப்பிச் சமன் செய்தார், படுத்து வருகிறவளுக்கு அலுங்காமல் இருக்க வேண்டும் என்பதுபோல. ஞானப்பூ ஒரு முனையைப் பிடித்து உதவினாள். பிறகு உள்ளே போய், அருஞ்சுனையோடு சேர்ந்து அழகுத்தாயைத் தூக்கி வந்து படுக்க வைத்தாள். வண்டி மல்லாங்கிணறு ரோட்டில் திரும்பி மறைந்தது. தாழ்வாரத்தில் மறுநாள் ஆபரேஷனுக்கு வந்த ஒரு கிழவர் தன் மகனிடம் தாகமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். "இப்ப குடிக்கலாம்யா. நல்லாக் குடிங்க. ராவு வரைக்கும் குடிங்க" என்று சொல்லிவிட்டு, ஞானப்பூ அவருக்குச் செம்பு எடுத்துவரப் போனாள்.